சீனத்து மூக்குப்பொடிக் குப்பி கைக்கு வந்தால்

திருகோணமலையில் பழைய வீட்டுச் சாமான்களைக் கழிக்கும்போதோ, கப்பலில் வேலை பார்த்தவர்களின் அலுமாரியைக் கிளறும்போதோ, விரல் நீளத்தில் பூவும் மீனும் வரைந்த பீங்கான் குப்பி ஒன்று அகப்படலாம். அத்தர் குப்பி என்று ஒதுக்கிவிடாதீர்கள். மூடியை மெல்லக் கழற்றுங்கள். அதன் அடியில் தக்கையும், தக்கையில் செருகிய குட்டிக் கரண்டியும் இருந்தால் அது மூக்குப்பொடி வைத்த குப்பிதான். ஐரோப்பியர் பொடியைச் சிமிழில் வைத்தார்கள். அந்தப் பழக்கம் சீனாவுக்குப் போனபோது, ஈரக்காற்றில் பொடி கட்டிபடாமல் இருக்கத் தக்கை போட்ட குப்பி வந்தது. பீங்கானில் செய்தவை பெருகியது 19ஆம் நூற்றாண்டில்.

எல்லாரும் முதலில் அடியைத் திருப்பி முத்திரையைத்தான் பார்க்கிறார்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள். சியன்லுங் பேரரசர் (ஆட்சி 1736–1795) பெயர் இருந்தால் அவர் காலத்துக் குப்பி என்று விற்கிறவர் சத்தியம் செய்வார், ஆனால் முன்னைய அரசர்களின் பெயரைப் பின்னால் வந்தவர்கள் தாராளமாக எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் ‘மேட் இன் சைனா’ என்றிருந்தால் பேச்சே இல்லை, பழசு என்று காசு கொடுக்காதீர்கள்.

ஓவியத்தைத்தான் நேரமெடுத்துப் பார்க்க வேண்டும். பூதக்கண்ணாடியில் நிறம் சின்னச் சின்னப் புள்ளியாக ஒரே ஒழுங்கில் தெரிந்தால் அச்சுத் தாள் ஒட்டிச் சுட்டது. தூரிகைக் கோடு என்றால் ஓரிடம் தடித்து ஓரிடம் மெலியும், நிறம் தேங்கிய இடம் கடுமையாக இருக்கும். அப்புறம் நகத்தால் மெல்லத் தடவுங்கள்: பீங்கானின் கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் தீட்டிய நீலம் வழவழவென்று போகும், பூச்சுக்கு மேல் தீட்டிய சிவப்பும் பச்சையும் லேசாகத் தட்டுப்படும். கை படும் இடத்தில் மட்டும் தேய்ந்திருப்பது நல்ல அறிகுறி. எல்லாப் பக்கமும் ஒரே அளவாக மங்கியிருந்தால் யாரோ உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்கள். உள்ளே படிந்த பழுப்புக் கறையை நம்பவேண்டாம், தேத்தண்ணிச் சாயமும் அப்படித்தான் இருக்கும்.

சரி, கழுவுவது. முதலில் காசுத்தாள் சோதிக்கும் ஊதா டோர்ச்சை இருட்டில் அடித்துப் பாருங்கள், ஒட்டுவேலை செய்த இடம் பெரும்பாலும் வேறு நிறமாக ஒளிரும். அப்படியென்றால் தண்ணீரில் போடவே கூடாது, ஈரத் துணியால் துடைத்தால் போதும். முழுசான குப்பியென்றால் பிளாஸ்டிக் பேசினில் துவாய் விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சொட்டுச் சவர்க்காரமும். குத்துவிளக்குக்குப் போடும் புளியும் தேசிக்காயும் வேண்டாம், நிறம் செத்துப்போகும். மணல் போட்டுக் குலுக்குவதும் கூடாது. உட்பக்கத்துக்கு ஈர்க்கில் சுற்றிய பஞ்சு போதும். மூடியை நனைக்காதீர்கள்: பசை விடும், எலும்புக் கரண்டி வெடிக்கும்.

கச்சான் காற்றுக்குத் தூசியும் மணலும் வீட்டுக்குள் வரும், ஆகவே கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரியில் வையுங்கள். அடி சின்னது, தட்டினால் உருளும். தட்டத்தில் துணி விரித்து அதன்மேல் நிறுத்துங்கள். வாடை மாதங்களில் உப்புக் காற்றோடு ஈரமும் சேர்ந்து மூடியின் உலோக வளையம் பச்சை பிடிக்கும், தக்கை ஊதி இறுகும். அந்த நேரம் மூடியை இறுக்காமல் சும்மா மேலே வைத்தால் போதும். ஏற்கெனவே இறுகியிருந்தால் கத்தி போட்டு நெம்பாதீர்கள், வாய் விளிம்புதான் முதலில் உடையும். வெயில் மாதம் வரட்டும், தக்கை காய்ந்து சுருங்கினபிறகு மெல்லத் திருகிப் பாருங்கள்.