பள்ளியிலிருந்து பிள்ளையை நீக்கப் போகிறோம் என்றால்: பெற்றோரும் பள்ளிகளும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பிள்ளையை வெளியே அனுப்பிவிடலாம் என்று பள்ளி முடிவு செய்துவிட்டால், பெரும்பாலும் "நீக்குகிறோம்" என்று உத்தரவு எதுவும் வருவதில்லை. பெற்றோரை வரச் சொல்வார்கள். அறைக் கதவைச் சாத்திவிட்டு, நல்லதுக்குச் சொல்வதுபோல் பேச்சு தொடங்கும். "நாங்க நீக்கினா ரெக்கார்டுல ஏறிடும். நீங்களே எழுதிக் கொடுத்து டிசி வாங்கிக்கிட்டா பிள்ளையோட எதிர்காலத்துக்கு நல்லது." மேசைமேல் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் தயாராக இருக்கும். வாசகத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: 'சொந்தக் காரணங்களால் என் மகனை வேறு பள்ளியில் சேர்க்க விரும்புகிறேன்.' தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் அப்பாவோ அம்மாவோ அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வருவார்கள்.

இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளிலேயே பெரியது அந்தக் கையெழுத்துதான். அதைப் போட்டதும், எழுத்தளவில் பள்ளி ஒன்றுமே செய்யவில்லை என்று ஆகிவிடுகிறது. குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, உத்தரவு இல்லை. உத்தரவே இல்லாதபோது எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வது? பின்னால் கல்வித்துறையிடம் போனாலும் நீதிமன்றத்துக்குப் போனாலும் முதலில் எடுத்து நீட்டப்படுவது அந்தக் கடிதம்தான்.

சட்டம் கையைக் கட்டிப்போட்டிருக்கும் இடத்தில்தான் இந்தக் கடிதம் அதிகம் கேட்கப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். இந்தியாவின் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், 16ஆவது பிரிவில், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று நேரடியாகச் சொல்கிறது. தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, ஆறாம் வகுப்புப் பிள்ளையை நீக்க முடியாத பள்ளிக்கு ஒரே வழி, பெற்றோரே அழைத்துப் போனதாகக் காட்டுவது. இங்கிலாந்திலும் இந்தப் பழக்கம் உண்டு. அங்கே கல்வித்துறையின் வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே மறுக்கிறது: முறைப்படி இடைநீக்கம் செய்யாமல் "கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும்" என்று அனுப்புவது, பெற்றோர் சம்மதித்தாலும், சட்டவிரோதம்.

சரி, அந்த அறையில் என்னதான் சொல்வது? "என்ன குற்றச்சாட்டு என்று எழுத்தில் கொடுங்கள். வீட்டில் பேசிவிட்டு பதில் சொல்கிறோம்." இவ்வளவு போதும். குரலை உயர்த்த வேண்டியதில்லை. வேறு பள்ளிதான் பிள்ளைக்கு நல்லது என்று உங்களுக்கே தோன்றலாம், சில சமயம் அது சரியான முடிவாகவும் இருக்கும். அப்போதும் அதை வீட்டில் உட்கார்ந்து எடுங்கள். வேறு பள்ளியில் இடம் உறுதியான பிறகு எழுதிக் கொடுங்கள். இடம் இல்லாமல் டிசியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கல்வியாண்டின் நடுவில் அலைவது பெரிய கொடுமை.

பள்ளியின் அதிகாரத்தைத் தப்பாகக் கணக்குப் போடுவது

இதில் இரண்டு வகைப் பெற்றோர். "அவங்க ஸ்கூல், அவங்க என்ன வேணா செய்யலாம்" என்று நினைப்பவர்கள் ஒரு பக்கம். "என் பிள்ளையைத் தொட உங்களுக்கு என்ன உரிமை" என்று வருபவர்கள் மறுபக்கம். இரண்டுமே பிள்ளைக்கு உதவாது.

ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் பள்ளிக்கு உண்டு. கண்டிக்கலாம், பெற்றோரை அழைக்கலாம், சில நாள் இடைநீக்கம் செய்யலாம், சட்டம் அனுமதிக்கும் இடத்தில் நீக்கவும் செய்யலாம். ஆனால் அது எல்லை உள்ள அதிகாரம். 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தன் 28ஆவது பிரிவில், பள்ளி ஒழுங்கு நடவடிக்கை பிள்ளையின் கண்ணியத்துக்குக் குறைவு வராதபடி இருக்க வேண்டும் என்கிறது. பிள்ளையைப் பாதிக்கும் நடவடிக்கையில் பிள்ளையின் பேச்சுக்குக் காது கொடுக்க வேண்டும் என்கிறது அதன் 12ஆவது பிரிவு.

அமெரிக்காவில் 1975இல் வந்த காஸ் எதிர் லோபஸ் தீர்ப்பு இதைப் பள்ளி அளவில் எளிமையாக வகுத்துக் கொடுத்தது. ஒஹையோ மாநிலத்தில் விசாரணையே இல்லாமல் மாணவர்களைப் பத்து நாள்வரை இடைநீக்கம் செய்திருந்தார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது: அரசுப் பள்ளி, குறுகிய கால இடைநீக்கத்துக்குக்கூட, என்ன குற்றச்சாட்டு என்று மாணவரிடம் சொல்ல வேண்டும், அவர் மறுத்தால் என்ன ஆதாரம் இருக்கிறது என்று விளக்க வேண்டும், அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். வாய்மொழியாகவே செய்யலாம், பெரிய நீதிமன்றச் சடங்கு தேவையில்லை. ஆனால் செய்தாக வேண்டும்.

இந்தியாவில் 1986இல் வந்த பிஜோ இம்மானுவேல் வழக்கு இன்னொரு எல்லையைக் காட்டியது. கேரளத்தில் மூன்று பிள்ளைகள், தங்கள் மத நம்பிக்கைப்படி, தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளி நீக்கிவிட்டது. உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்துசெய்து, மீண்டும் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. நல்ல நோக்கத்தோடு எடுத்த நடவடிக்கை என்றாலும் அது பிள்ளையின் அடிப்படை உரிமையை மீற முடியாது என்பது அதன் சாரம்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு விஷயம். தண்டனை சரியா, கொஞ்சம் குறைத்திருக்கலாமா என்ற கேள்விக்குள் நீதிமன்றங்கள் சுலபத்தில் நுழைவதில்லை. முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்றுதான் முதலில் பார்க்கும். அதனால் "என் பிள்ளை தங்கம், ஒரு தப்பும் செய்யாது" என்று எழுதும் மனுவைவிட, "12ஆம் தேதி நீக்கினார்கள், அதற்கு முன் எங்களிடம் விளக்கமே கேட்கவில்லை" என்று எழுதும் மனுவுக்கு வலு அதிகம். சேர்க்கையின்போது படிக்காமலேயே கையெழுத்துப் போட்ட விதிமுறைக் கையேட்டைத் தேடி எடுங்கள். தனியார் பள்ளி என்றால் இது இன்னும் முக்கியம். எந்தத் தவறுக்கு என்ன நடவடிக்கை, யார் முடிவெடுப்பது, எச்சரிக்கை எத்தனை முறை என்பதெல்லாம் அதில் இருக்கும். பள்ளி தன் விதியைத் தானே மீறியிருப்பது பல சமயம் அங்கேதான் தெரியவரும்.

பிள்ளையை அங்கேயே அடிப்பது

அழைத்த மாத்திரத்தில் ஓடிவந்து, நடந்ததைப் பாதி கேட்டு, தலைமையாசிரியர் முன்னாலேயே பிள்ளையை ஓங்கி அறைகிற அப்பாக்கள் உண்டு. "சார் முன்னாடி மன்னிப்புக் கேளுடா" என்று காலில் விழச் சொல்கிற அம்மாக்கள் உண்டு. நாங்கள் கண்டிப்பான குடும்பம்தான் என்று காட்டும் தவிப்பு அது, புரிகிறது. ஆனால் அந்த நொடியில் பிள்ளைக்கு அந்த அறையில் ஆள் இல்லாமல் போகிறது. நடந்ததைச் சொல்ல நினைத்ததையும் விழுங்கிவிடும். தன்னைச் சீண்டியது யார், எத்தனை நாளாகச் சீண்டல் நடந்தது என்பதெல்லாம் அதற்கப்புறம் வெளியே வராது.

இதோடு சேர்ந்தது மன்னிப்புக் கடிதம். பெற்றோர் வருவதற்கு முன்பே, ஆசிரியர் சொல்லச் சொல்ல, பிள்ளையிடம் எழுதி வாங்கியிருப்பார்கள். 'நான் வேண்டுமென்றே இச்செயலைச் செய்தேன், இனி எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்.' பன்னிரண்டு வயதுப் பிள்ளை "வேண்டுமென்றே இச்செயலை" என்று பேசுமா? அந்தக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். யார் முன்னால், எவ்வளவு நேரம் உட்காரவைத்து எழுதச் சொன்னார்கள் என்று பிள்ளையிடம் பக்குவமாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதுவே பள்ளியின் முக்கிய ஆதாரமாக நிற்கும். அன்றைக்கே எதிர்ப்பைப் பதிவு செய்திருந்தால் அதன் வலு குறையும்.

பிள்ளை உண்மையிலேயே தவறு செய்திருந்தாலும் இதெல்லாம் பொருந்தும். தவறை ஒத்துக்கொள்ள வேண்டும், பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதைப் பிள்ளை தன் சொந்த வார்த்தையில் செய்ய வேண்டும்.

நாளைக் கடத்துவது

சிசிடிவி பதிவு சில வாரங்களில், சில இடங்களில் சில நாட்களிலேயே, தானாக அழிந்துவிடும். "பதிவை அழிக்காமல் வையுங்கள்" என்று முதல் நாளே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப் தகராறு என்றால் ஒரு ஸ்கிரீன்ஷாட்டோடு நிறுத்தாமல் உரையாடல் முழுவதையும் எடுத்து வையுங்கள். பள்ளியோடு நேரில் என்ன பேசினாலும், வீட்டுக்கு வந்ததும் "இன்று இன்னது பேசினோம்" என்று ஒரு மின்னஞ்சலாகப் போட்டுவிடுங்கள். அது பின்னால் பெரிய துணை.

மேல்முறையீட்டுக்குக் கெடு இருக்கும், யாரும் நினைவூட்ட மாட்டார்கள். இங்கிலாந்தில் நிரந்தரமாக நீக்கினால் பள்ளியின் நிர்வாகக் குழு 15 பள்ளி நாட்களுக்குள் அதைப் பரிசீலிக்க வேண்டும். நீக்கம் சரிதான் என்று அது சொல்லிவிட்டால், சுயேச்சைக் குழுவிடம் போகப் பெற்றோருக்குக் கிடைப்பது இன்னொரு 15 பள்ளி நாள். நல்லபடியாகப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் அலைந்துகொண்டிருக்கும்போதே கெடு முடிந்துவிடும். பேச்சுவார்த்தை ஒரு பக்கம் நடக்கட்டும், மனுவைப் போட்டு வையுங்கள்.

ஆத்திரத்தில் ஃபேஸ்புக்கில் எழுதாதீர்கள். எதிர்த்தரப்புப் பிள்ளையின் வீட்டுக்குப் போய் நிற்காதீர்கள்.

காரணத்தைக் கேட்காமல் விடுவது

நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மூர்க்கமானால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது. கேலி, வீட்டுச் சண்டை, பாலியல் தொந்தரவு, கண்டுபிடிக்கப்படாத கற்றல் குறைபாடு. அமெரிக்காவில் சிறப்புக் கல்வி பெறும் மாற்றுத்திறன் மாணவரை 10 பள்ளி நாட்களுக்குமேல் வெளியே வைப்பதென்றால், அந்த நடத்தை அவருடைய குறைபாட்டின் விளைவா என்று முதலில் ஆராய வேண்டும். உங்கள் நாட்டில் அப்படிச் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்தக் கேள்வியைப் பள்ளியிடம் எழுத்தில் கேட்கலாம். மருத்துவர் அல்லது மனநல ஆலோசகரின் அறிக்கை இருந்தால் முடிவெடுப்பதற்கு முன்பே கொடுங்கள், முடிவுக்குப் பிறகு கொடுப்பதன் மதிப்பு குறைவு.

வீட்டுக்குள் நடப்பது

நீக்கம் பிள்ளையோடு நிற்பதில்லை. "உன் செல்லத்தாலதான் இப்படி ஆச்சு", "நீ என்னைக்கு வீட்ல இருந்து கவனிச்ச" என்று கணவனும் மனைவியும் மோதிக்கொள்வார்கள். பகலில் பிள்ளையோடு யார் இருப்பது என்ற கேள்வி வரும், பெரும்பாலும் அம்மாவின் வேலைதான் போகும். அதே பள்ளியில் படிக்கும் தங்கையிடம் வகுப்பே விசாரிக்கும். கோபத்தில் அவளையும் சேர்த்து வெளியே எடுக்காதீர்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளிடம் கேளுங்கள்.

சொந்தக்காரர்களுக்குத் தெரியக் கூடாது என்று பிள்ளையைக் கல்யாணம் காட்சிக்குக்கூட அழைத்துப் போகாமல் வீட்டிலேயே வைக்கிறார்கள். தான் மறைத்துவைக்கப்பட வேண்டிய ஆள் என்று பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், நீக்கம் செய்யும் கேட்டைவிட இது செய்யும் கேடு அதிகம்.

சும்மா இருக்கும் நாட்கள் ஆபத்தானவை. டெக்சாஸ் மாநிலத்தில் கிட்டத்தட்ட பத்து லட்சம் மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியான ஆய்வில், சட்டக் கட்டாயம் இல்லாமல் பள்ளி தானே முடிவுசெய்து இடைநீக்கமோ நீக்கமோ செய்த மாணவர்கள், அடுத்த ஆண்டில் சிறார் நீதி அமைப்பின் பிடிக்குள் போகும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. அதனால் மறுநாளிலிருந்தே பாடம் நடக்க வேண்டும். நண்பனின் நோட்டை வாங்குங்கள், ஒரு டியூஷனில் சேருங்கள், பழைய நேரத்துக்கே எழுப்புங்கள். இங்கிலாந்தில் நிரந்தரமாக நீக்கப்பட்ட பிள்ளைக்கு ஆறாவது பள்ளி நாளிலிருந்து முழுநேரக் கல்விக்கு உள்ளாட்சி ஏற்பாடு செய்தாக வேண்டும். பல நாடுகளில் அந்தப் பொறுப்பு சத்தமில்லாமல் பெற்றோர் தலையில் விழுகிறது. பொதுத்தேர்வு ஆண்டு என்றால், தேர்வுப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதை வேறு எதற்கும் முன் உறுதிசெய்யுங்கள்.

பள்ளிகளுக்கும் சில வார்த்தை

ஆசிரியர்களின் சிரமம் உண்மையானது. ஒரு பிள்ளை வகுப்பையே குலைக்கும்போது மற்ற முப்பது நாற்பது பேரின் படிப்பும் கெடுகிறது. பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோர் வாசலில் நிற்கிறார்கள். ஆனாலும் அவசரத் தண்டனை அவர்களுக்கும் நீதி செய்வதில்லை. முறை தவறி நீக்கிய உத்தரவு மேலே போய் ரத்தாகும்போது, அடிபட்ட பிள்ளை, அடித்த பிள்ளையை அதே வகுப்பில் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது. ஒழுங்காக விசாரித்திருந்தால் அது நடந்திருக்காது. எந்தத் தவறுக்கும் மன்னிப்பே இல்லை என்ற கறார் கொள்கையை ஆராய்ந்த அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு, அதனால் பள்ளிகள் பாதுகாப்பானவையாக மாறியதற்குச் சான்று இல்லை என்று 2008இல் வெளியான தன் அறிக்கையில் சொன்னது. காலை வழிபாட்டில் பெயரைச் சொல்லி அவமானப்படுத்துவதை எந்த விதிக் கையேடும் தண்டனையாக எழுதிவைப்பதில்லை. எழுதக் கூச்சப்படும் ஒன்றைச் செய்யாமலும் இருக்கலாம்.

டிசியைப் பிடித்துவைப்பது இன்னொரு தவறு. இந்தியச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை, அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாறும் பிள்ளைக்குத் தலைமையாசிரியர் உடனே டிசி தர வேண்டும். அது வரத் தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது.

டிசி கைக்கு வந்ததும் அங்கேயே நின்று 'நடத்தை' என்ற கட்டத்தைப் படியுங்கள். அடுத்த பள்ளி முதலில் பார்ப்பது அதைத்தான். பேசிக்கொண்டதற்கு மாறாக ஏதாவது எழுதியிருந்தால், வாங்கிக்கொண்டு வெளியே வருவதற்கு முன்பே திருத்தித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். புதிய பள்ளியில் கேட்டால் மறைக்க வேண்டாம். என்ன நடந்தது, அதற்குப் பிறகு பிள்ளை என்ன செய்தது என்று இரண்டு மூன்று வரியில் சொல்லுங்கள். அதைப் பிள்ளையே சொல்லட்டும்.