பள்ளி மேலாண்மைக் குழுவை வீட்டு வாசல் வரை கொண்டுசெல்வது எப்படி?

அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோருக்கு, அந்தப் பள்ளியை நடத்துவதில் பங்கேற்கும் உரிமை சட்டப்படியே உண்டு. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பை 22-ஆம் பிரிவு அந்தக் குழுவிடமே ஒப்படைக்கிறது. தமிழ்நாட்டில் 2022-இல் 20 உறுப்பினர்களோடு மறுகட்டமைக்கப்பட்ட இக்குழுக்களில், 2024-இல் முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டு எண்ணிக்கை 24 ஆனது. ஆயினும், கூட்டத்திற்கு வந்து கையெழுத்திடுவதோடு கடமை முடிந்தது என்று எண்ணும் உறுப்பினர்கள் இன்றும் பல ஊர்களில் இருக்கிறார்கள். புதிதாகப் பொறுப்பேற்கும் பெற்றோருக்காக, எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளிக் குழுவில் இருந்து நான் கற்றவற்றை எழுதுகிறேன்.

சுற்றுச்சுவர், வண்ணப்பூச்சு என்று கட்டடத்தின் தேவைகளிலிருந்து தொடங்க வேண்டாம். முதல் மாதத்தில் தலைமை ஆசிரியரிடம் வருகைப் பதிவேட்டைக் கேட்டு, கடந்த மூன்று மாதப் பக்கங்களை வகுப்பாசிரியரோடு அமர்ந்து பாருங்கள். எந்தப் பிள்ளை அடிக்கடி வரவில்லை என்பதோடு, எந்தக் கிழமையில் வரவில்லை என்பதையும் கவனியுங்கள். எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் திங்கட்கிழமைதோறும் வராமல் இருந்தான். படிப்பில் நாட்டமில்லாதவன் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். வீட்டிற்குச் சென்ற பிறகுதான் திங்கள் சந்தை நாள் என்பது எங்களுக்கு உறைத்தது. கீரைக் கட்டுகளை எடுத்துக்கொண்டு அவன் தாய் விடியற்காலை நான்கு மணிக்கே புறப்பட்டுவிட, இரண்டரை வயதுத் தங்கைக்கு அவன்தான் காவல். குழந்தையைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, அங்கன்வாடி திறக்கும் நேரத்தில் கொண்டுபோய்விட ஒரு பெரியவர் இருந்தால் போதும், அவன் பள்ளிக்கு வந்துவிடலாம். அதே தெருவில் இருந்த, மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த ஒரு பாட்டி அந்த ஒரு நாளைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அதற்குத் திட்டமோ நிதியோ தேவைப்படவில்லை.

வீடுகளுக்கு இருவராகச் செல்லுங்கள். ஒருவர் அந்தத் தெருக்காரராகவும் பெண்ணாகவும் இருப்பது நல்லது. கூலி வேலைக்குப் போகிறவர்கள் திரும்பி வரும் இரவு ஏழு மணிக்கு மேல் செல்வதே முறை. நோட்டை விரித்து வைத்துக்கொண்டு விசாரணைபோல் கேட்டால் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். குடிப்பழக்கம், கடன், குழந்தைத் திருமண ஏற்பாடு போன்றவை காதில் விழுந்தால் அவற்றைப் பொதுக்கூட்டத்தில் ஒருபோதும் பேசாதீர்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் உடனே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்க வேண்டும். கல்வி தொடர்பான ஐயங்களுக்கு 14417 இருக்கிறது.

இவ்வாறு திரட்டிய தேவைகளை, எது யாருடைய பொறுப்பு என்று பிரிப்பதுதான் கடினமான பகுதி. நான் அதிகம் வலியுறுத்த விரும்புவதும் இதைத்தான். ஆசிரியர் நியமனம், வகுப்பறை, பாடநூல், சத்துணவு ஆகியவை அரசின் கடமை. அவற்றுக்கு நன்கொடையாளரைத் தேடி அலைவது, உரிமையை நாமே கைவிடுவதாகும். காலிப் பணியிடத்தில் ஊரார் பணம் போட்டு ஒருவரை அமர்த்தினால், அந்த இடத்தை நிரப்ப வேண்டிய அவசரம் அலுவலகத்திற்கு இல்லாமல் போய்விடும். அதற்கு எழுத்து வடிவில் தீர்மானம் நிறைவேற்றி, வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வைப்பதே வழி.

பிரிப்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பெண் பிள்ளைகளின் கழிப்பறையைப் பார்வையிட்டபோது, கதவின் உட்புறத்தில் தாழ்ப்பாள் இல்லாததையும், துருப்பிடித்த ஆணித் துளைகள் மட்டும் எஞ்சியிருந்ததையும் கண்டோம். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவர்களுக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. துணைக்கு ஆள் கிடைக்காத நாளில் தண்ணீரே குடிப்பதில்லை என்று ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சொன்னாள். தாழ்ப்பாளை ஊர்த் தச்சர் அன்று மாலையே பொருத்திக் கொடுத்தார். ஆனால் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் வராதது ஊராட்சி பார்க்க வேண்டிய வேலை. அதை கிராம சபைக்குக் கொண்டுசென்றோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. மனுவை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, தாய்மார் பத்துப் பேராவது நேரில் போய் அமருங்கள். தீர்மானப் புத்தகத்தில் உங்கள் கோரிக்கை எழுதப்படும் வரை எழ வேண்டாம்.

பள்ளிக்கு ஊர் கைகொடுப்பது நம்மிடையே புதிதன்று. காமராசர் ஆட்சியில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்த காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடந்து, மக்கள் தங்களால் இயன்ற பொருளை வழங்கினார்கள். 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியாக, வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் உள்ள முன்னாள் மாணவர்கள் இணையத்திலேயே நன்கொடை அளிக்கலாம். எப்படி வந்தாலும் பணம் தனிநபர் கைக்கோ கணக்கிற்கோ போகக் கூடாது. பெற்றோரிடம் கட்டாய வசூலும் கூடாது. வரவு செலவைத் தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

பணத்தைவிட நேரத்தைக் கேட்பதே எனக்குப் பயன் தந்திருக்கிறது. ஆனால் “பள்ளிக்கு ஏதாவது செய்யுங்கள்” என்று கேட்டால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். “மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் ஏழு பிள்ளைகளுக்கு, செவ்வாயும் வியாழனும் மாலை 5 மணி முதல் 6 மணி வரை, ஊர் நூலகத்தில் வைத்துச் சொல்லித்தர முடியுமா?” என்று கல்லூரி மாணவியிடம் கேட்டால் அவருக்கு எல்லாம் தெளிவாக இருக்கும். உதவ வருபவர் எவ்வளவு நல்லவராயினும், பிள்ளைகளோடு தனித்து இருக்காதபடி உறுப்பினர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

குடும்பங்களுக்கு உடனடியாகப் பலன் தருவது சான்றிதழ் முகாம். ஆதார், சாதிச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் பெயரின் எழுத்து ஒன்றுக்கொன்று மாறியிருந்தால் உதவித்தொகை நின்றுவிடும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்கு உயர்கல்வியின்போது மாதம் ரூ.1,000 தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. அதற்கான ஆவணங்களைப் பன்னிரண்டாம் வகுப்பில் தேடுவதைவிட எட்டாம் வகுப்பிலேயே சரிசெய்வது எளிது. கிராம நிர்வாக அலுவலர், இ-சேவை மையத்தார், அஞ்சலகத்தார் ஆகியோரை ஒரே சனிக்கிழமையில் பள்ளிக்கு அழைத்தால், தாய்மாருக்கு மூன்று நாள் கூலி மிச்சமாகும்.

மாதக் கூட்டத்தைச் சென்ற மாதத் தீர்மானங்களிலிருந்தே தொடங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயரும் தேதியும் இருக்க வேண்டும். “குழு கவனிக்கும்” என்று எழுதியதை யாரும் கவனிப்பதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களும் இருப்பார்கள் என்பதால், கையெழுத்தோ கைரேகையோ வாங்கும் முன்பு தீர்மானம் முழுவதையும் வாய்விட்டு, நிறுத்தி, ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.