மறைந்த கோச் நினைவாகச் சிறுவர் கால்பந்துப் போட்டி: வேலூரில் நடத்துவது எப்படி?

பர்மாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து வேலூரில் குடும்பம் நடத்தி, வேலை முடிந்த மாலைகளில் பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுத்த ஒருவர் மறைந்துவிட்டார். அவர் பெயரில் போட்டி நடத்தப்போகிறீர்கள் என்றால் முதல் வேலை ஃப்ளெக்ஸ் அடிப்பதல்ல. பழைய மாணவர்களைப் பிடிப்பது. "சார் எப்படிப்பட்டவர்?" என்றால் "தங்கமானவர்" என்பார்கள், அவ்வளவுதான். "எதற்கு வெளியே உட்காரவைப்பார்? முதல் நாள் என்ன செய்யச் சொன்னார்?" என்று கேளுங்கள். கிடைப்பதில் ஒன்றைப் போட்டி விதியாக்குங்கள். யாரையும் பெஞ்சில் காயவிடாதவர் என்றால், பெயர் கொடுத்த ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பாதியாவது ஆடியே தீரவேண்டும். மேடைப் பேச்சைவிட இதில்தான் அவர் தெரிவார்.

பிறந்த ஊர், வந்த ஆண்டு, பெயரின் எழுத்து மூன்றையும் வீட்டாரிடம் காட்டிய பிறகே அச்சுக்குக் கொடுங்கள். ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி இருக்கும். அகதி முகாமில் இருந்த காலத்தை மைக்கில் சொல்லலாமா என்பதையும் கேட்டுவிடுங்கள், சிலர் விரும்பமாட்டார்கள். குரூப் போட்டோவிலிருந்து முகத்தை வெட்டிப் பெரிதாக்கினால் மங்கிவிடும். சிறிய பிரேம் போதும்.

தேதியைத் திவசத்தன்று வைக்காதீர்கள், வீட்டார் வரமுடியாது. அடுத்த ஞாயிறு நல்லது. அது அக்னி நட்சத்திரத்தில் விழுந்தால் பிடிவாதம் வேண்டாம், தள்ளிவையுங்கள். மே மாத வேலூர் வெயிலில் பத்து மணிக்கு மேல் பிள்ளைகளை ஓடவிடக்கூடாது. ஜனவரி, பிப்ரவரி தோதான மாதங்கள். நேதாஜி ஸ்டேடியம் கேட்பதானால் குடியரசு தின ஒத்திகை வாரத்தை விட்டுவிடுங்கள்.

12 வயதுக்குட்பட்டோருக்கு ஏழுபேர் ஆட்டம், எட்டு அணி. நாலு அணியாக இரண்டு பிரிவு; பிரிவுக்குள் ஒவ்வொரு அணியும் மற்ற மூன்றோடும் மோதும் லீக் 12 ஆட்டம், அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று. பாதிக்கு 15 நிமிடம், இடைவேளை, அணி மாற்றம் எல்லாம் சேர்த்து ஆட்டத்துக்கு 40 நிமிடம் பிடிக்கும். ஒரே மைதானம் என்றால் மொத்தம் பத்து மணி நேரம். இங்கேதான் பல போட்டிகள் இருட்டில் முடிகின்றன. 100 மீட்டர் நீள மைதானத்தைக் குறுக்கே இரண்டாக்கி, களத்தின் நீளம் மைதானத்தின் அகலவாக்கில் வரும்படி 55க்கு 37 மீட்டரில் இரு களம் போடுங்கள். காலை ஆறரைக்குத் தொடங்கினால் லீக் பத்தரைக்கு முடியும், மீதி நாலு மணிக்கு மேல். நாலு நடுவர் வேண்டும், இரண்டு பேரை வைத்து ஓட்டமுடியாது.

பந்து 4ஆம் நம்பர். கோட்டுக்குச் சுண்ணாம்பு போடவே போடாதீர்கள். விழுந்த பிள்ளையின் கண்ணிலும் காயத்திலும் பட்டால் எரித்துப் புண்ணாக்கிவிடும். கல் கோலமாவு போதும். தூக்கி வைக்கும் கோல் போஸ்ட் கம்பத்தில் பையன்கள் தொங்குவார்கள், அது முன்பக்கம் சாயும். தலையில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. பின்கம்பியில் மணல் மூட்டை கட்டி, கையால் இழுத்து ஆட்டிப் பார்த்தபின்தான் விசில். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்கவேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டுவது தவறு.

வயதுச் சண்டை கட்டாயம் வரும். பிறப்புச் சான்றிதழ் நகலை ஒரு வாரம் முன்பே வாங்கி, அணிப் பட்டியலை எல்லா மேனேஜருக்கும் அனுப்பிவிடுங்கள். ஆட்சேபம் முதல் ஆட்டத்துக்கு முன்பு மட்டும். ரொக்கப் பரிசு வைத்தால் வயது மீறிய ஆள் நிச்சயம் வருவான். வென்ற அணிக்கும் தோற்ற அணிக்கும் தலா இரண்டு பந்து கொடுப்பது மேல், மறுநாளே மைதானத்தில் உருளும்.

மௌன அஞ்சலியைக் காலையில் வைத்தால் பாதிப் பேர் வந்திருக்கமாட்டார்கள். இறுதி ஆட்டத்துக்கு முன் ஒரு நிமிடம், நடுவர் விசிலில் தொடங்கி விசிலில் முடியட்டும். முதல் பந்தை அவர் பேரப்பிள்ளை உதைக்கலாம். எம்.எல்.ஏ. வரும்வரை ஆட்டத்தை நிறுத்திவைக்காதீர்கள்.