சிறு நிலப்பரப்பின் காவலை மாணவர்களோடு அளந்து பார்ப்பது எப்படி?

படைபலம் என்றவுடன் எத்தனை வீரர்கள், எத்தனை பீரங்கிகள் என்று எண்ணத் தொடங்குவது மாணவர்களின் இயல்பு. சிறியதாகவும் தொலைவில் தனித்தும் கிடக்கும் நிலப்பரப்புகளுக்கு அந்தக் கணக்கு போதாது. பகைவன் வந்து இறங்கிய நேரத்துக்கும் துணைப்படை வந்து சேரும் நேரத்துக்கும் இடையே அந்த இடம் தாங்குமா என்பதே அங்கே முதற்கேள்வி. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரப் பள்ளிகளில் வரலாறு கற்பிப்போர் இந்தக் கேள்வியைக் கொண்டு ஒரு பயிற்சியை நடத்தும் முறையை இங்கே எழுதுகிறேன்.

பயிற்சியைத் திருமயத்தில் தொடங்குங்கள். சேதுபதி மன்னர் 1687-இல் எழுப்பிய அந்தக் கோட்டையின் மதில்களில் இன்று எஞ்சியிருப்பவற்றை ஒவ்வொன்றாகக் கடந்து மேலே ஏறும்போது, ஒரு மதிலுக்கும் அடுத்ததற்கும் இடையே முற்றுகைப் படைக்கு எவ்வளவு காலம் செலவாகியிருக்கும், உள்ளே இருந்தவர்களுக்குக் குடிநீர் எங்கிருந்து கிடைத்திருக்கும் என்று கேளுங்கள். மதில் காலத்தை நீட்டித்துத் தரும் ஏற்பாடு என்பதை அவர்களே கண்டு சொல்லட்டும்.

அடுத்தது காளையார்கோயில். இங்கே அரணாக நின்ற காட்டின் பெரும்பகுதி இன்று இல்லாததால், நேரில் செல்வதற்கு முன் வரைபடத்தில் சிறுவயலையும் காளையார்கோயிலையும் கோடிட்டு இணைத்துக் காட்டுவது அவசியம். 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் அக்னியூவின் படை அந்த வழியே காட்டை வெட்டிப் பாதை அமைக்க வாரக்கணக்கில் முயன்று, முடியாமல் கைவிட்டது; வேறு திசைகளிலிருந்து நுழைந்த பிறகே, அக்டோபர் 1 அன்று காளையார்கோயில் வீழ்ந்தது. காடு காலத்தை வாங்கிக் கொடுத்தும் மருது சகோதரர்கள் ஏன் தோற்றார்கள் என்ற கேள்வியை இந்த இடத்தில் எழுப்புங்கள். 1772-இல் கணவரையும் நாட்டையும் இழந்த வேலு நாச்சியாருக்கு ஹைதர் அலியின் ஆதரவு இருந்தது, 1780-இல் சிவகங்கை மீண்டது. 1801-இலோ திப்பு மாண்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன, பக்கத்துப் புதுக்கோட்டைத் தொண்டைமான் கம்பெனியின் பக்கம் இருந்தார். வரவேண்டிய துணை எங்குமே இல்லாதபோது, வாங்கிய காலம் வீணாகிவிடுகிறது.

இதற்குப் பிறகு மாலத்தீவுக்கு வாருங்கள். இந்தப் பகுதிக்கு ஒரு முழு வகுப்பு நேரத்தை ஒதுக்குவது நல்லது. 1988 நவம்பர் 3 அன்று, அப்துல்லா லுத்துஃபி என்ற மாலத்தீவு வணிகருக்காக ஆட்சியைக் கவிழ்க்க, புளொட் என்ற இலங்கைத் தமிழ்ப் போராளி இயக்கத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 80 பேர் படகுகளில் வந்து தலைநகர் மாலேயில் இறங்கினர். நாட்டில் பெரிய படை ஏதும் இல்லை. ஆயினும் பாதுகாப்புப் பணியினர் தம் தலைமையகத்தை விட்டுக்கொடுக்கவில்லை, அதிபர் கயூம் பிடிபடவில்லை, பக்கத்துத் தீவான ஹுல்ஹுலேயின் விமான நிலையத்தை வந்தவர்கள் கைப்பற்றவும் இல்லை. அதனால் ஆக்ராவிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்த இந்திய வான்குடைப் படையினர் அன்றிரவே அங்கே இறங்க முடிந்தது. பிணைக்கைதிகளோடு கப்பலில் தப்பியோடியவர்களையும் இந்தியக் கடற்படை மடக்கியது. மாணவர்களை இரு அணிகளாகப் பிரித்து, ஓர் அணி மாலேயைக் காக்கவும் மற்றோர் அணி ஆக்ராவிலிருந்து புறப்படவும் சொல்லி, மணிவாரியாக ஒரு கால அட்டவணை எழுத வையுங்கள். விமான ஓடுதளம் பறிபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மறுமுறை எழுத வையுங்கள். என் கருத்தில் இந்த இரண்டாவது அட்டவணையே பயிற்சியின் உயிர்நாடி. ஒப்பிட்டுப் பார்க்க, தென் அட்லாண்டிக்கில் பிரிட்டனின் ஆட்சியிலுள்ள ஃபாக்லாந்து இருக்கிறது: 1982 ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினா கைப்பற்றிய அத்தீவுகளில், பிரிட்டனின் மீட்புப் படை பெருமளவில் தரையிறங்கியது மே 21-இல்தான்.

கூலிப்படையைக் காவலுக்கு அமர்த்தினால் என்ன ஆகும் என்று எவரேனும் கேட்பார்கள். அதற்கு ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள கொமொரோஸ் தீவுகளைக் காட்டுங்கள். 1978-இல் பாப் டெனார் என்ற பிரெஞ்சுக்காரர் தம் கூலிப்படையோடு வந்து ஆட்சியைக் கவிழ்த்து, பின்னர் அதிபரின் காவற்படையையே தம் கையில் வைத்திருந்தார். 1989-இல் அதிபர் அப்துல்லா கொல்லப்பட்டதும் அந்தக் காவல் சூழ்ந்திருந்தபோதுதான். டெனாரை வெளியேற்ற பிரான்ஸ் தலையிட வேண்டியதாயிற்று. 1995-இல் அவர் மீண்டும் படையோடு வந்து இறங்கினார்.

கூலிப்படையினர் யார் என்பதை உணர்ச்சி வேகத்தில் முடிவு செய்ய விடாதீர்கள். போர்க்கால நடத்தைக்கு விதி வகுக்கும் ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977-ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறையில் உள்ள 47-ஆவது பிரிவைத் தமிழில் எழுதிக் கொடுத்து, தனிப்பட்ட ஆதாயமே நோக்கமா, போரிடும் தரப்பின் குடிமகனா, அதன் படையில் முறையாகச் சேர்ந்தவரா என்று ஒவ்வொரு நிபந்தனையாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பிரிட்டிஷ் படையில் பணிபுரியும் நேபாளத்துக் கூர்க்காக்கள் அந்தப் படையின் உறுப்பினர்கள் என்பதால் இந்த வரையறைக்குள் வரமாட்டார்கள். மாலேயில் இறங்கியவர்களை ஒவ்வொரு நிபந்தனையிலும் நிறுத்திப் பார்த்து, காரணத்தோடு ஒரு பக்கம் எழுதி வருவதை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள்.