நகராட்சியில் கிடக்கும் பழைய கணினிப் பதிவுகளைப் புதிய சேமிப்புக்கு மாற்றுவது எப்படி

நகராட்சியோ பேரூராட்சியோ, பதிவறையைத் திறந்தால் காகிதப் பதிவேடுகளுக்குப் பக்கத்தில் இன்னொரு குவியலும் இருக்கும். ஸ்கேன் செய்து வாங்கி வைத்த சிடிக்கள், டிவிடிக்கள், மேலே ஒன்றும் எழுதாத எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்குகள், ஏதோ ஒரு பிரிவின் மேசைக்கு அடியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற விண்டோஸ் எக்ஸ்பி கணினி. ஒரு நாள் புது சர்வருக்கு நிதி வரும், பழையதை எல்லாம் அதில் ஏற்றிவிடுங்கள் என்று உத்தரவும் வரும். அந்த வேலை யார் தலையில் விழுகிறதோ அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். சேமிப்பை மேம்படுத்துவது என்றால் பெரிய பெட்டி வாங்குவது என்றே பலரும் நினைக்கிறார்கள். பெட்டி கடைசியில் வரட்டும். இருக்கிற பதிவு இன்னும் திறக்கிறதா, திறந்தால் படிக்க முடிகிறதா, நாளைக்கு ஒருவர் கேட்டால் இதுதான் அசல் என்று காட்ட முடியுமா, இந்த மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும்.

பழைய பதிவுதானே என்று மேலதிகாரி இழுத்தால் பிறப்புப் பதிவேட்டைக் காட்டுங்கள். பெயர் இல்லாமல் பதிவான குழந்தைக்கு 15 ஆண்டு வரை பெயர் சேர்க்கலாம், அதாவது பத்து ஆண்டுக்கு முந்தைய பதிவும் இன்றைக்கு கவுண்டரில் உயிரோடு இருக்கிறது. அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(அ), பதிவுகளை வகைப்படுத்தி அட்டவணைப்படுத்தி வைப்பதை அலுவலகத்தின் கடமை என்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 7-ஆவது பிரிவு, மின்னணுவாகப் பாதுகாக்கும் பதிவு பிற்காலத்திலும் எடுத்துப் பார்க்கும் நிலையில் இருக்க வேண்டும் என்கிறது. திறக்காத டிவிடி அலமாரியில் இருந்தால் அந்தப் பிரிவை நிறைவேற்றியதாக ஆகாது.

முதலில் பட்டியல்

ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு எண் கொடுங்கள், ஒட்டுங்கள், போட்டோ எடுங்கள். எந்தப் பிரிவு, எந்த ஆண்டு, யார் எழுதிக் கொடுத்தது, எந்த மென்பொருளில் திறக்கும் என்று ஒரு ஷீட்டில் குறியுங்கள். தெரியாத கட்டத்தைக் காலியாக விடாமல் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள், ஏனென்றால் காலிக் கட்டத்தைப் பார்க்கிற அடுத்த ஆள் யாரோ சரிபார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். ஓய்வு பெற்ற எழுத்தரையோ பழைய கணினி இயக்குபவரையோ ஒரு அரைநாள் கூப்பிட்டு உட்கார வையுங்கள், சொத்துவரிக் கேட்புப் பதிவேடு எந்த ஆண்டில் எந்த மென்பொருளுக்கு மாறியது என்பது பெரும்பாலும் அவர் நினைவில் மட்டும்தான் இருக்கும்.

எல்லாவற்றையும் மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. நி.மு., ப.மு., மூ.மு., ஓ.மு. (நிரந்தரம், பத்தாண்டு, மூன்றாண்டு, ஓராண்டு) என்று காகிதக் கோப்பை முடிக்கிறோமே, அதே பாகுபாட்டைக் கணினிக் கோப்புக்கும் வையுங்கள். பிறப்பு இறப்பு, மன்றத் தீர்மானம், கட்டட வரைபட அனுமதி, ஊழியர் பணிப்பதிவேடு இதெல்லாம் நிரந்தரம். ஓராண்டு முடிவில் மூடிய தபாலின் ஸ்கேன் புது சர்வரில் இடம் அடைக்க வேண்டாம். ஆனால் எதை அழிப்பதானாலும் ஆணையரின், பேரூராட்சியானால் செயல் அலுவலரின், எழுத்துப்பூர்வ ஒப்புதல் கோப்பில் இருக்கட்டும்.

படித்து எடுப்பது

பழைய ஹார்டு டிஸ்க்கை நேராகச் செருகி, ஃபோல்டரைத் திறந்து, இழுத்துப் போடாதீர்கள். செருகியதுமே விண்டோஸ் அதில் எழுத ஆரம்பித்துவிடும், வைரஸ் இருந்தால் இங்கே வந்துவிடும், சாகப்போகிற டிஸ்க் என்றால் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தேடி ஓடியே செத்துவிடும். அலுவலக நெட்வொர்க்கில் இல்லாத தனிக் கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, எழுதுவதைத் தடுக்கும் ரைட் பிளாக்கர் கருவி வழியாக இணைத்து, முழு டிஸ்க்கையும் ஒரே இமேஜாக, அதாவது டிஸ்க்கின் அச்சு அசலான நகலை ஒரே கோப்பாக, எடுங்கள். இதற்கு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் போதும். நன்றாக இருக்கிற பகுதியை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும், எங்கே நின்றது என்று ஒரு மேப் கோப்பில் குறித்தும் வைக்கும், அதனால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதற்கப்புறம் எந்த வேலையும் அந்த இமேஜின் நகலில்தான், அசல் டிஸ்க்கை உறையில் போட்டு மூடிவிடுங்கள்.

சிடி, டிவிடியில் எழுதும் பக்கத்தில் சாயம் இருக்கிறது, நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் அது மங்கும். ஒரு டிரைவில் படிக்காதது இன்னொரு கம்பெனி டிரைவில் படிக்கும், ஆகவே இரண்டு மூன்று டிரைவ்களில் போட்டுப் பார்க்காமல் கைவிடாதீர்கள். எல்டிஓ வகை பேக்கப் டேப் இருந்தால் அது எத்தனையாவது தலைமுறை என்று பாருங்கள்: எல்டிஓ-7 வரைக்கும் வந்த டிரைவ்கள் தமக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்பைப் படிக்கும், எல்டிஓ-8 டிரைவோ 7, 8 இரண்டை மட்டும்தான் படிக்கும். புதுசு பழசை எப்படியும் படிக்கும் என்று பழைய டிரைவைக் கழித்துவிட்டால் டேப் கையில் இருந்தும் பயன் இல்லை.

எடுத்த கையோடு ஒவ்வொரு கோப்புக்கும் அதன் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 மதிப்பை எடுத்துப் பட்டியலாக வையுங்கள். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் இந்த 64 எழுத்து மதிப்பு மாறிவிடும், எனவே புது சர்வருக்குப் போன பிறகு மறுபடி கணக்கிட்டு ஒப்பிட்டால் வழியில் எதுவும் கெடவில்லை என்று தெரியும். பட்டியலை அச்செடுத்து, தேதி போட்டு, பொறுப்பு அலுவலர் கையெழுத்தோடு கோப்பில் சேர்த்தால் நீதிமன்றத்தில் கேள்வி வரும்போது கைகொடுக்கும்.

தமிழ் எழுத்துருதான் பெரிய சிக்கல்

வெளியூர் நிறுவனங்கள் எழுதிக் கொடுக்கும் திட்ட அறிக்கைகளில் இது ஒரு வரி கூட இருக்காது. தமிழ் எழுத்தைக் கணினிக்குள் எப்படிக் குறிப்பது என்பதற்குத் தமிழக அரசு 1999-இல் டாம், டாப் குறியீடுகளைத் தரமாக்கியது, 2010-இல் யூனிகோடையும் அது ஓடாத இடங்களுக்கு டேஸ்-16-ஐயும் தரமாக்கியது. அதற்கு நடுவிலும் பின்னாலும் அலுவலகங்களில் வானவில், பாமினி, ஸ்ரீலிபி என்று கிடைத்த எழுத்துருவில் எல்லாம் அடித்துத் தள்ளியிருக்கிறோம். இவற்றில் கணினிக்குத் தெரிந்தது ஆங்கில எழுத்து மட்டும்தான். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தது உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று கிடக்கிறது, எழுத்துருவை எடுத்துவிட்டால் அதைத்தான் திரையில் பார்ப்பீர்கள். ஆகையால் பழைய கணினியைக் கழிக்கும் முன் அதன் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக நகல் எடுங்கள். எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் என்று கண்டுபிடிக்க வேறு வழி இல்லாமல் போகலாம்.

யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றியதும் சரியாகிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். பாமினியில் 'ர்' அடிக்கும்போது பலர் துணைக்கால் (ா) போட்டுப் புள்ளி வைத்துவிடுவார்கள், கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும். அதை மாற்றினால் 'குமார்' என்பது 'குமாா்' என்று வரும், திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, ஆனால் கவுண்டரில் உட்கார்ந்து 'குமார்' என்று தேடினால் பதிவு இல்லை என்று பதில் வரும், சான்றிதழுக்கு வந்தவர் வெறுங்கையோடு திரும்பிப் போவார். இன்னொன்று, ஔகாரக் குறியின் பின்பகுதியும் 'ள'வும் பழைய எழுத்துருக்களில் ஒன்றுதான், அதனால் 'வெள்ளையம்மாள்' 'வௌ்ளையம்மாள்' ஆகிவிடும்.

இரண்டையும் விதி வைத்துப் பிடிக்கலாம். தமிழில் காலுக்குப் பின்னால் புள்ளியோ இன்னொரு உயிர்க்குறியோ வரவே வராது, ஔகாரக் குறிக்குப் பின்னாலும் அப்படியே. அப்படி வருகிற இடங்களை எல்லாம் தேடி எடுத்தால் முதல் வகையில் அந்தக் காலை 'ர' ஆக்கினால் போதும், இரண்டாவதில் ஔகாரத்தை 'எ'கரக் குறியும் 'ள'வுமாகப் பிரித்தால் போதும். 'கௌரி'யா 'கெளரி'யா என்பது போன்றவற்றை விதி பிடிக்காது, அதற்கு ஊர்ப் பெயர்கள் தெரிந்த ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

எழுத்துப் பிழை தெரிந்தாலும் அசல் பதிவைத் திருத்தாதீர்கள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இன் 15-ஆவது பிரிவு, திருத்தத்தை ஓரத்தில்தான் எழுத வேண்டும், மூலப் பதிவில் கை வைக்கக் கூடாது என்கிறது, அதையும் பதிவாளர்தான் செய்ய முடியும். தரவுத்தளத்திலும் அப்படியே செய்யுங்கள்: பழைய குறியீட்டில் இருந்தது ஒரு நெடுவரிசையில் அப்படியே இருக்கட்டும், யூனிகோடு வடிவம் பக்கத்தில் இன்னொரு நெடுவரிசையில் வரட்டும், தேடல் புதியதில் நடக்கட்டும்.

ஃபாக்ஸ்புரோ, ஆக்சஸ் ஆகிய தரவுத்தள மென்பொருள்களின் கோப்புகளையும் இப்போதே வெளியே எடுத்துவிடுங்கள். விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2015-இல் நிறுத்திவிட்டது. ஃபாக்ஸ்புரோவின் டிபிஎஃப் கோப்பை எடுக்கும்போது அதே பெயரில் எஃப்பிடி கோப்பு இருந்தால் சேர்த்து எடுங்கள், மெமோ புலத்தில் எழுதிய குறிப்புகள் அதற்குள்தான் இருக்கின்றன. சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பாக எடுத்து, மொத்த வரிகளையும், தொகைகள் இருந்தால் கூட்டுத்தொகையையும் பழையதோடு ஒப்பிடுங்கள். ஸ்கேன் படங்களை டிஃப் வடிவத்திலும், ஆவணங்களை நெடுநாள் பாதுகாப்புக்கான பிடிஎஃப்-ஏ வடிவத்திலும் வையுங்கள்.

இப்போது பெட்டி

ஏ4 பக்கத்தை 300 டிபிஐ-யில் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் சுருக்காத டிஃப் சுமார் 26 எம்பி வரும், ஒரு லட்சம் பக்கம் என்றால் 2.6 டெராபைட். உங்கள் பக்க எண்ணிக்கையை வைத்து இப்படிக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் விலை கேளுங்கள், விற்பனையாளர் சொல்லும் அளவை அப்படியே குறிப்பில் ஏற்றாதீர்கள். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் ரெய்டு முறையில், இரண்டு டிஸ்க் ஒன்றாகப் போனாலும் தாங்கும் ரெய்டு-6 நல்லது. ஆனால் ரெய்டு பேக்கப் ஆகாது, தவறிப்போய் அழித்த கோப்பு எல்லா டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும்.

மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று ஊருக்கு வெளியே. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது, அப்படி ஒரு மழையில் தரைத்தளத்தில் இருக்கிற சர்வரும் பக்கத்து அறையில் இருக்கிற பேக்கப்பும் ஒரே தண்ணீரில்தான் நிற்கும். வெளியூர் நகலுக்கு மாநிலத் தரவு மையத்தைக் கேளுங்கள், தனியார் கிளவுட் என்றால் மத்திய அரசின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதை மட்டும் பாருங்கள். ஒரு நகலாவது குறிப்பிட்ட காலம் வரை யாராலும், அட்மின் கடவுச்சொல் வைத்திருப்பவராலும், அழிக்க முடியாதபடி பூட்டி இருக்க வேண்டும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அதுதான் காப்பாற்றும். எஸ்எஸ்டி-யில் எழுதி அலமாரியில் வைப்பதைத் தவிர்த்துவிடுங்கள், மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் தரவு கசிந்துபோகும்.

ஒப்பந்தப்புள்ளி நிபந்தனையில் மூன்று விஷயத்தை விடாதீர்கள்: ஒப்பந்தம் முடியும்போது எல்லாத் தரவையும் திறந்த வடிவத்தில் கட்டணமின்றித் திருப்பித் தர வேண்டும், அட்மின் கடவுச்சொல் அலுவலகத்திடமும் இருக்க வேண்டும், பேக்கப்பிலிருந்து மீட்டெடுத்துக் காட்டாமல் இறுதி பில் தொகை கிடையாது. முதல் நிபந்தனை இல்லாமல் கையெழுத்துப் போட்ட அலுவலகம், தன் ஊர் மக்களின் பதிவுக்கே பிறகு விலை பேச வேண்டியிருக்கும்.

மாற்றம் முடிந்ததும் பழைய அமைப்பை உடனே அணைக்காதீர்கள். ஒரு சொத்துவரி அரையாண்டு முழுக்க இரண்டும் பக்கம் பக்கமாக இருக்கட்டும், பழையது படிக்க மட்டும். கவுண்டரில் வருகிற விண்ணப்பங்களையே சோதனையாக எடுத்து, புதியதில் தேடிக் கிடைப்பதைக் காகிதப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள், மிகப் பழைய ஆண்டுகளிலிருந்தும் வேண்டுமென்றே சிலவற்றை எடுங்கள். வெளியூர் நகலிலிருந்து ஒரு முழுப் பதிவேட்டை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்து, எஸ்எச்ஏ-256 பட்டியலோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். இந்த ஒத்திகையை வருடத்துக்கு ஒருமுறை செய்யும் பொறுப்பு எந்தப் பணியிடத்துக்கு என்று அலுவலக உத்தரவிலேயே எழுதிவிடுங்கள், ஆள் பெயரைப் போட்டால் மாறுதலோடு போய்விடும்.

கடைசியாக, கழிக்கிற டிஸ்க்குகள். அவற்றில் ஊரே இருக்கிறது: பெயர், முகவரி, பிறந்த தேதி, இறப்புக் காரணம் வரைக்கும். ஏலத்தில் பழைய கணினியோடு சேர்த்து விட்டுவிடாதீர்கள். முழுவதும் மேலெழுதி அழியுங்கள், ஓடாத டிஸ்க் என்றால் துளையிட்டு உடையுங்கள், மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து, தொடக்கத்தில் ஒட்டிய எண் வாரியாகச் சான்று வாங்கி அதே கோப்பில் சேருங்கள்.