தன்னம்பிக்கைக்கு 'எண்ணம்' என்று பெயர் வைக்காதீர்கள்

கிளிநொச்சியில் பின்னேரங்களில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். ஒரு பிள்ளை கட்டுரைக்குத் 'தன்நம்பிக்கை' என்று தலைப்பு எழுதியிருந்தாள். 'தன்' என்பதோடு 'நம்பிக்கை' சேரும்போது ந போய் ன இரட்டிக்கும்: தன்னம்பிக்கை. தன்னலம், தன்னிறைவு எல்லாம் அப்படி வந்தவைதான். இது சின்னப் பிழை, ஒரு தரம் சொன்னால் போதும். கருத்தில் வரும் பிழைகள்தான் பிள்ளைகளை வருத்துகின்றன.

அதில் பெரியது 'எண்ணம்'. எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு நினைப்பு என்பதைத் தாண்டியும் ஒரு பொருள் இருக்கிறது: தலைக்கனம். ஒரு பெண்பிள்ளை மேடையில் தடுமாறாமல் பேசிவிட்டு இறங்கினால், "அவவுக்குப் பெரிய எண்ணம்" என்று பின்னால் ஒரு குரல் கேட்கும். அவள் செய்ததெல்லாம் தான் ஆயத்தப்படுத்தியதைத் தெளிவாகச் சொன்னதுதான். "எனக்கு இது ஏலும்" என்பது தன்னம்பிக்கை. "என்னைப்போல ஒருத்தருக்கும் ஏலாது" என்பது தற்பெருமை. முதலாவதில் மற்றவர் பேச்சே இல்லை. இரண்டாவதற்கு மட்டம்தட்ட ஓர் ஆள் வேண்டும். ஒருத்தி விடையைக் கொப்பியின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டு, அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு இருந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எண்ணம் எண்டு சொல்லுவினம் சேர்" என்றாள். விடை சரிதான்.

இன்னொரு பிழை, 'ஏலாது' என்று மொத்தமாகச் சொல்வது. "எனக்குக் கணக்கு ஏலாது" என்று ஒரு பிள்ளை சொன்னால், "இல்லை, உன்னால ஏலும்" என்று முதுகில் தட்டுவதோடு நிறுத்தாதீர்கள். எந்த இடத்தில் ஏலாது என்று கேளுங்கள். அநேகமாகப் பின்னத்திலோ சமன்பாட்டிலோ ஒரு படியில்தான் சிக்கியிருக்கும். உளவியலாளர் அல்பேர்ட் பண்டூரா 1977இல் இதைப் பற்றி எழுதினார். ஒரு வேலையைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை பிறர் செய்வதைப் பார்ப்பதாலும், பிறர் ஊக்கச் சொல்லாலும் வரும். ஆனால் தானே செய்து வென்ற அனுபவம்தான் அதற்கு வலிய ஊற்று என்றார். அந்த நம்பிக்கை வேலைக்கு வேலை மாறும் என்பதையும் மறக்கக்கூடாது. ஒன்றில் இருப்பவருக்கு மற்றதில் இல்லாமல் போகலாம்.

துணிச்சலையும் தன்னம்பிக்கையோடு குழப்புகிறோம். மாரியில் குளம் நிரம்பி வழிந்து வான் பாயும்போது, தண்ணீர் மூடிய பாதையில் மோட்டார் சைக்கிளை விடும் பெடியனைப் பார்த்து "நல்ல தன்னம்பிக்கை" என்கிறார்கள். அவனுக்கு நீரின் வேகமும் தெரியாது, பாதை கிடக்கிறதா அரிபட்டுப்போயிற்றா என்பதும் தெரியாது. அது அசட்டுத் துணிச்சல். திருக்குறளில் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் இருப்பதுபோல வலியறிதலுக்கும் தனியே ஓர் அதிகாரம் இருக்கிறது. தன் வலிமையை அறியாமல் ஊக்கத்தால் மட்டும் தொடங்கி நடுவில் முரிந்தவர் பலர் என்று அங்கே வருகிறது.

தன்மானம் பற்றியும் ஒரு சொல். தெரியாததைக் கேட்டால் தன்மானம் போய்விடும் என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். கேட்டுப் படிப்பதில் மானம் எங்கே போகிறது? அவமதிப்பைப் பொறுக்காத குணத்துக்குத்தான் அந்தப் பெயர்.

கூச்சப்படும் பிள்ளைக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று முடிவுகட்டுவதுதான் எனக்கு மிகவும் நோகும் பிழை. நானும் அதைச் செய்தேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெடியனைப் பற்றி அவன் தாயிடம், "தம்பிக்குத் தன்னம்பிக்கை காணாது அம்மா" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை அவர்கள் வளவுக்குப் போனேன். தண்ணீர் இறைக்கும் மெசின் நின்றுபோயிருந்தது. தகப்பனும் மாமாவும் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டு நின்றார்கள். அவன் ஒன்றும் பேசாமல் குந்தியிருந்து பிளக்கைக் கழற்றினான். கரியைச் சுரண்டினான், சேட்டு நுனியில் துடைத்தான், திரும்பப் பூட்டினான். கயிற்றைச் சுற்றிக்கொண்டே தகப்பனை நிமிர்ந்து பார்த்து, "தள்ளி நில்லுங்கோ அப்பா, இப்ப ஓடும்" என்றான்.