1692 சேலம் சூனிய வழக்கை வைத்து நாவல்: முதலில் தேதி அட்டவணை போடுங்கள்

அமெரிக்காவில் அன்று ஆங்கிலேயர் வசமிருந்த மாசசூசெட்ஸ் காலனியின் சேலத்தில் நடந்த சூனிய வழக்குகளை வைத்து நாவல் எழுத நினைப்பவர்களுக்கான பதிவு இது. கதை, நடை பற்றியெல்லாம் பேசப்போவதில்லை. முதல் அத்தியாயத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டிய அட்டவணை மட்டும்தான்.

1. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் இணையக் காப்பகத்துக்குப் போங்கள். பிடியாணை, விசாரணைக் குறிப்பு, சாட்சி வாக்குமூலம் எல்லாம் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும். உங்கள் பாத்திரங்கள் வரும் ஆவணங்களை மட்டும் பிரித்தெடுங்கள்.

2. ஒரு ஷீட் திறந்து ஆண்டு, மாதம், நாள், கிழமை, நிகழ்வு என்று தனித்தனியாகப் பிரியுங்கள். 1900க்கு முந்தைய எதையும் எக்செல் தேதியாக ஏற்காது, அதனால்தான். நாவலாசிரியர்களுக்கென்றே விற்கும் மென்பொருள்கள் எனக்குப் பிடிக்காது; அவற்றைக் கற்றுக்கொள்கிற நேரத்தில் ஒரு அத்தியாயம் எழுதிவிடலாம்.

3. என்னை அதிகம் படுத்தியது இந்தப் படிதான். இங்கிலாந்தும் அதன் காலனிகளும் 1752 வரை ஜூலியன் என்ற பழைய நாட்காட்டியில் இருந்தன; 1692இல் அது இன்றைய நாட்காட்டியைவிட 10 நாள் பின்தங்கியிருந்தது. சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. முதலில் குற்றம் சாட்டப்பட்ட டிடுபா, சாரா குட், சாரா ஆஸ்பர்ன் மூவரின் விசாரணை தொடங்கிய 1692 மார்ச் 1, அந்தக் காலக் கணக்கில் இன்னும் 1691தான். ஆவணத்தில் 1691/92 என்று இரட்டையாகவும் இருக்கும், வெறும் 1691 என்றும் இருக்கும். அப்படியே ஏற்றினால் கைதுக்கும் முதல் தூக்குக்கும் நடுவே ஒரு வருடம் கூடுதலாக முளைத்துவிடும். உண்மையில் மூன்று மாதம் சொச்சம்தான். ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான ஆவணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ஆண்டைத் திருத்துங்கள்.

அப்புறம் கிழமை. முதலில் தூக்கிலிடப்பட்டவர் பிரிட்ஜெட் பிஷப், நாள் ஜூன் 10. இன்றைய நாட்காட்டிக் கணக்கில் அது செவ்வாய். தண்டனை ஆணையிலோ வெள்ளி என்றே எழுதியிருக்கிறது. ஆணைதான் சரி. தேதியோடு 10 நாள் கூட்டி, ஜூன் 20க்கு என்ன கிழமை என்று பாருங்கள், வெள்ளி வரும். கிழமைக்கு மட்டும்தான் இந்தக் கூட்டல், கதையில் ஜூன் 10 அப்படியே நிற்கட்டும். இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், வேண்டும். அந்தக் காலனியை நடத்திய பியூரிட்டன்கள் கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர், ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மாட்டார்கள். அன்று ஒருவன் ஏர் ஓட்டினால் அதுவே தனி வழக்கு.

4. இந்த வழக்குகளுக்கென்றே அமைத்த சிறப்பு நீதிமன்றத்தின் பதிவேடு இன்று இல்லை. மாஜிஸ்திரேட் ஜான் ஹாத்தோர்ன், வழக்கு ஜூரிக்குப் போகும் முன் நடந்த ஆரம்ப விசாரணைகளில் கேட்ட கேள்விகளும் வந்த பதில்களும் இருக்கின்றன, கிட்டத்தட்ட நாடக வசனம் போலவே. ஜூரி முன் நடந்தது பெரும்பாலும் நம் கற்பனைக்கு விடப்பட்ட இடம். ஷீட்டில் அந்த வரிசைகளுக்கு வேறு நிறம் கொடுங்கள். உங்கள் கைவரிசையை அங்கே காட்டுங்கள், ஹாத்தோர்னின் கேள்விகளில் வேண்டாம்.

5. எரிக்கிற காட்சி இருந்தால் வெட்டுங்கள். சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை. 19 பேருக்குத் தூக்கு. குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல மறுத்த கைல்ஸ் கோரி கற்களின் அடியில் நசுங்கி இறந்தார்.

பின்சேர்க்கை: காப்பகத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் எதுவும் வரவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஒரே ஆளின் பெயரைக் குமாஸ்தாக்கள் பலவிதமாக எழுதுவார்கள். முதல் சில எழுத்துகளை மட்டும் போட்டுத் தேடுங்கள்.

இன்னொன்று: குற்றச்சாட்டுகள் கிளம்பிய சேலம் கிராமம் வேறு, சேலம் நகரம் வேறு. கிராமம் இன்று டான்வர்ஸ் என்ற பெயரில் இருக்கிறது, வரைபடத்தில் அங்கே தேடுங்கள்.